புறநகரில் அயல்நாட்டு உணவு: எந்த உணவகத்தை நம்பிப் போகலாம்?

புதிதாகக் குடிவந்தவன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். பெருநகரின் நடுவே பல ஆண்டுகள் இருந்துவிட்டு, அண்மையில்தான் குடும்பத்தோடு புறநகருக்கு வந்து சேர்ந்திருக்கிறேன். முன்பு இருந்த இடத்தில் ஜப்பானிய உணவோ வியட்நாமிய உணவோ வேண்டுமென்றால் நடந்தே போய்விடுவோம். இங்கே நெடுஞ்சாலையோர வணிக வளாகங்களில் ‘பன்னாட்டு உணவகம்’ என்ற பலகைகளுக்குக் குறைவில்லை. ஆனால் உள்ளே போய்ப் பட்டியலைப் பிரித்தால் பாஸ்தா, நூடுல்ஸ், டாக்கோ, சூஷி எல்லாம் ஒரே அட்டையில் வரிசை கட்டி நிற்கின்றன. சென்ற வாரம் அப்படி ஓர் இடத்தில் சூஷி கேட்டோம். குளிர்பெட்டியிலிருந்து நேரே எடுத்து வந்த சோறு விறைத்துப்போய், வாயில் போட்டால் மணல்போல் நெறுநெறுத்தது. என் மகள் ஒரு துண்டோடு தட்டைத் தள்ளிவிட்டாள்.

புறநகரில் நல்ல அயல்நாட்டு உணவு கிடைக்குமா, அல்லது விடுமுறை நாளில் நகருக்குள் போவதுதான் வழியா? கிடைக்குமென்றால், உள்ளே போய் உட்காருவதற்கு முன்பே எதை வைத்துக் கண்டுகொள்வது? என் தாயார் மீன், இறைச்சி எதையும் தொடமாட்டார். மனைவிக்கு நிலக்கடலை ஒவ்வாது. அதையும் கருத்தில் கொண்டு சொன்னால் உதவியாக இருக்கும்.

தெருவோரத்தான் எழுதுகிறார்:

நண்பரே, நகருக்குள் போனால்தான் நல்ல உணவு என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நகர நடுவில் கடை வாடகை மிகுதி என்பதால், அங்கே உணவகம் நடத்துபவர் எல்லாருக்கும் பிடிக்கும்படி சமைத்தே தீரவேண்டும். வாடகை குறைந்த புறநகரில்தான், தன் நாட்டுக்காரர் சில நூறு பேரை மட்டும் நம்பி ஒருவர் கடை திறக்க முடியும். லாஸ் ஏஞ்சலிஸுக்குக் கிழக்கே உள்ள மான்டெரே பார்க்கில் 1970-களிலிருந்து தைவானியரும் பிற சீனரும் குடியேறியதால், அந்த வட்டாரமே சீன உணவுக்குப் பெயர்பெற்றது. லண்டனின் தென்மேற்கு ஓரத்தில் உள்ள நியூ மால்டன் கொரிய உணவுக்குப் பெயர்பெற்றதும் இவ்வாறே. இரண்டும் புறநகர்கள்தாம்.

ஆகவே உணவகத்தைத் தேடாதீர்கள். மளிகைக் கடையைத் தேடுங்கள். அரிசிக் காகிதமும் மீன் சாறும் அடுக்கி வைத்திருக்கும் கடை உங்கள் ஊரில் இருந்தால், அவற்றை வாங்கிச் சமைப்பவர்களும் அருகில் இருக்கிறார்கள் என்று பொருள். கல்லாவில் இருப்பவரிடம், “நீங்கள் குடும்பத்தோடு வெளியே சாப்பிடுவதென்றால் எங்கே போவீர்கள்?” என்று கேளுங்கள். “நல்ல கடை எது?” என்று கேட்டால், வெளியாருக்குப் பிடிக்கும் என்று அவர் நினைக்கும் இடத்தைத்தான் சொல்வார்.

அடுப்படி அனுபவஸ்தன் எழுதுகிறார்:

பதினைந்து ஆண்டுகள் உணவகச் சமையலறைகளில் வேலை பார்த்தவன் என்ற முறையில், மேலே நண்பர் தொடாத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எல்லா நாட்டு உணவும் புறநகரில் ஒரே மாதிரி தாக்குப்பிடிப்பதில்லை. சில உணவுகள் கருவியை நம்பியவை. சில, வாடிக்கையாளர் கூட்டத்தை நம்பியவை. வேறு சில, சமைப்பவரின் பொறுமையை மட்டுமே நம்பியவை.

நாப்பொலி பாணிப் பீட்சா, ஏறத்தாழ 480 டிகிரி செல்சியஸ் வரை சூடேறும் அடுப்பில் 60 முதல் 90 விநாடிகளுக்குள் வெந்தாக வேண்டியது. அந்த அடுப்பு இல்லாத கடையில் மாவை எவ்வளவு பக்குவமாகப் பிசைந்தாலும் பீட்சா ரொட்டியாகத்தான் வரும். சீனரின் இரும்பு வாணலியில் எழும் அந்தப் புகைமணமும் அப்படித்தான். வீட்டு அடுப்பைவிடப் பல மடங்கு சீறும் தீ அதற்கு வேண்டும்.

சூஷிக்கு வேண்டியது கூட்டம். காடி கலந்த சோறு உடல் சூட்டை ஒட்டிய பதத்தில் இருக்கவேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் அதிலுள்ள மாவுச்சத்து இறுகி, நீங்கள் சொன்ன நெறுநெறுப்பு வந்துவிடும். நாள் முழுதும் ஆள் வந்துகொண்டிருந்தால்தான் சோற்றை அவ்வப்போது வடித்து, அவ்வப்போதே தீர்க்க முடியும். உறைய வைத்த மீன் என்று தெரிந்தால் முகம் சுளிக்கவேண்டாம். ஐரோப்பிய ஒன்றியத்தில், பச்சையாகப் பரிமாறும் மீன்களில் பெரும்பாலானவற்றை ஒட்டுண்ணி சாவதற்காக மைனஸ் 20 டிகிரியில் குறைந்தது 24 மணி நேரம் உறைய வைக்கவேண்டும் என்பதே விதி.

புறநகருக்கு ஏற்றவை மூன்றாவது வகை. வியட்நாமியரின் ஃபோ என்னும் நூடுல்ஸ் சூப் அதற்கு நல்ல சான்று. எலும்பைப் பல மணி நேரம் சிறுதீயில் கொதிக்கவிட்டு, நெருப்பில் கருகச் சுட்ட வெங்காயத்தையும் இஞ்சியையும் அன்னாசிப்பூ, பட்டையோடு அதில் போடுவார்கள். இதற்குத் தனிக் கருவி வேண்டாம். முதல் நாள் இரவே ஒருவர் அடுப்பருகே இருந்தால் போதும். எத்தியோப்பியாவின் இன்ஜெராவும் அவ்வகைதான். டெஃப் என்னும் மிகச் சிறிய தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்கவைத்து, வட்டக் கல்லில் ஒரு பக்கம் மட்டும் வேகவிடுவார்கள். மேற்பரப்பு முழுவதும் சின்னச் சின்னக் கண்களாகத் திறந்திருந்து, விண்டு வாயில் வைத்ததும் புளிப்பு நாக்கில் ஏறினால் மாவு தக்கபடி புளித்திருக்கிறது. கண் இல்லாமல் வழவழவென்று வந்தால் அவசரப்பட்டிருக்கிறார்கள்.

பழைய வாசகி எழுதுகிறார்:

இருவர் சொன்னதும் பயனுள்ளவை. எனினும் ‘அசல்’ என்ற சொல்லை நாம் கொஞ்சம் மிகையாகப் பிடித்துத் தொங்குகிறோமோ என்று தோன்றுகிறது. மாவில் தோய்த்துப் பொரிக்கும் ஜப்பானின் டெம்புரா, 16-ஆம் நூற்றாண்டில் வந்த போர்ச்சுகீசியரிடமிருந்து கற்றது. மெக்சிகோவின் புகழ்பெற்ற பாஸ்டர் டாக்கோ, லெபனான் பகுதியிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த ஷவர்மாவின் வழிவந்தது. குடிபெயர்ந்தவர் தமக்குக் கிடைத்ததை வைத்துச் சமைத்த உணவைப் போலி என்று தள்ளினால், பாதி உலக உணவைத் தள்ளவேண்டியிருக்கும்.

அதேபோல, அந்நாட்டவர் நிறைந்திருக்கும் கடை நல்ல கடை என்பதையும் நான் முழுக்க நம்புவதில்லை. விலை குறைவாக இருக்கலாம்; நள்ளிரவு வரை திறந்திருக்கும் கடை அது ஒன்றுதான் என்றும் இருக்கலாம். நான் பார்ப்பது பட்டியலின் நீளத்தை. மூன்று பக்கப் பட்டியல் என்றால் குளிர்பெட்டி பெரியது, அவ்வளவுதான். ஆனால் எல்லா நாட்டையும் கலந்து வைத்திருக்கும் கடையைக்கூட உடனே கைவிடாதீர்கள். சமைப்பவர் எந்த நாட்டவர் என்று மெல்ல விசாரித்து, அந்தப் பகுதியிலிருந்து மட்டும் கேளுங்கள். பாஸ்தாவுக்கு நடுவே ஒளிந்திருந்த அருமையான பாரசீகச் சோற்றை நான் அப்படித்தான் கண்டெடுத்தேன். பானையின் அடியில் பொன்னிறமாக முறுகிய, ‘தாதிக்’ எனப்படும் சோற்றை, கேட்டால்தான் தருவார்கள்.

தாயாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ‘காய்கறி மட்டும்’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பவேண்டாம். ஜப்பானிய மிசோ சூப்பின் அடிச்சாறு பெரும்பாலும் கருவாட்டுச் சீவலில் எடுத்தது. தாய்லாந்துக் கறிகளில் இறால் விழுதும் மீன் சாறும் உண்டு. கொரியரின் புளிக்கவைத்த காய்கறியான கிம்ச்சியில் பெரும்பாலும் உப்பிட்ட இறாலோ மீனோ கலந்திருக்கும். பார்மிஜானோ பாலாடைக்கட்டியைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால்தான் உறைய வைக்கிறார்கள். எத்தியோப்பிய உணவகம் அவருக்கு ஏற்றது. அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் புதன், வெள்ளிக்கிழமைகளில் நோன்பிருந்து விலங்குணவை விலக்குவதால், பருப்பும் கீரையும் கொண்ட வகைகள் அங்கே வேண்டிய அளவு உண்டு. இருந்தாலும் மசாலா சேர்த்துக் காய்ச்சிய வெண்ணெய் சேர்த்தார்களா என்றும், பால் ஆகாதவரானால், கேட்டுக்கொள்ளுங்கள். லெபனான் உணவகத்திலும் கொண்டைக்கடலை விழுதான ஹம்முஸ், கொண்டைக்கடலை வடையான ஃபலாஃபெல் என்று அவர் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

மனைவிக்கு என்றால் நான் கண்டிப்பாகவே சொல்வேன்: தாய்லாந்து, இந்தோனேசியா, மேற்கு ஆப்பிரிக்கா ஆகிய பகுதிகளின் சமையலறைகளில் நிலக்கடலை அன்றாடப் பொருள். “இந்தத் தட்டில் இல்லை” என்று அவர்கள் உண்மையாகவே சொன்னாலும், முந்தைய உணவைக் கிளறிய அதே வாணலியில் உங்கள் உணவும் விழலாம். அங்கே பரிசோதனை வேண்டாம். மற்ற இடங்களில், ஒவ்வாமையைச் சமைப்பவரின் மொழியிலேயே ஒரு சீட்டில் எழுதி உள்ளே அனுப்புங்கள்.

புதிதாகக் குடிவந்தவன் மீண்டும்:

மூவருக்கும் நன்றி. நேற்று மாலை தெருவோரத்தான் சொன்னபடியே ஒரு மளிகைக் கடைக்குப் போய்க் கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வளாகத்தின் பின்புறம், சலவைக் கடைக்கும் முடிதிருத்தகத்துக்கும் இடையில் பலகையே இல்லாத ஒரு கதவைக் காட்டினார். உள்ளே நான்கே மேசைகள்; எத்தியோப்பிய உணவு. மனைவிக்காக முதலில் கடலையைப் பற்றிக் கேட்டுக்கொண்டோம். தாங்கள் அதைப் பயன்படுத்துவதே இல்லை என்றார்கள். இன்ஜெராவில் கண்கள் நன்றாகவே திறந்திருந்தன. அம்மா பருப்பை இரண்டாம் முறை கேட்டு வாங்கிக்கொண்டார். மகள்தான், கரண்டி எங்கே என்று கேட்டவள், கையால் சாப்பிடலாம் என்று தெரிந்ததும் வேறு எதையும் கேட்கவில்லை.

ஃபோவுக்கு இன்னும் இடம் அகப்படவில்லை. அடுத்த வாரம் அதே அம்மையாரைத்தான் கேட்கப்போகிறேன்.