பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை யார் வேண்டுமானாலும் பார்க்கலாமா?

வேர்தேடி:
வம்சாவளி தேடுவது என் பொழுதுபோக்கு. அந்த ஆத்திரத்தில்தான் எழுதுகிறேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதல் அரசுப் பதிவேடு இருக்கிறது. அதில் உள்ள யாருடைய சான்றிதழ் நகலையும் கட்டணம் கட்டினால் நீங்களும் நானும் வாங்கலாம், ஏன் எதற்கு என்று கேட்க மாட்டார்கள். ஜெர்மனியில் பிறப்புப் பதிவுக்கு 110 ஆண்டு, திருமணத்துக்கு 80, இறப்புக்கு 30 ஆண்டு காத்திருக்க வேண்டும். பிரான்சில் பிறப்புக்கும் திருமணத்துக்கும் 75. மனிதன் பிறப்பதும் சாவதும் எல்லா நாட்டிலும் ஒன்றுதானே, ஒரு நாட்டில் ஊரறிந்த செய்தி இன்னொரு நாட்டில் எப்படி ரகசியமாகிறது?

திறந்தே இருக்கட்டும் என்பது என் கட்சி. திருமணத்தைப் பதிவு செய்வதே நாலு பேருக்குத் தெரியத்தான். முதல் மனைவி இருக்கும்போதே இன்னொருத்தியை மணக்கிறவனை வேறு எப்படிப் பிடிப்பது? 1854இல் லண்டனில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் பதிவு அலுவலகத்தில் இறந்தவர்களின் பட்டியலை வாங்கிக்கொண்டு வீடு வீடாகப் போய் விசாரித்தார். அந்தப் பட்டியல் கையில் இருந்ததால்தான் பிராட் தெரு அடிபம்பின் தண்ணீர் மீது அவருக்கு இருந்த சந்தேகம் உறுதிப்பட்டது.

தாழ்ப்பாள்:
ஸ்னோ ஊர் வம்புக்காகக் கேட்கவில்லை, ஆராய்ச்சிக்குக் கேட்டு வாங்கினார். ஆராய்ச்சியாளருக்குக் கொடுக்க வேண்டாம் என்று இங்கே யார் சொன்னது?

ஒரு பிறப்புப் பதிவில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். தேதி, இடம், தந்தை பெயர், அவர் தொழில், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், தகவல் கொடுத்தவரின் முகவரி. தந்தை பெயருக்கான கட்டத்தில் வெறும் கோடு இழுத்திருந்தால் அந்தப் பிள்ளைக்கு ஆயுசு முழுக்க அதுதான் விலாசம். வேலைக்குச் சான்றிதழை நீட்டும்போதெல்லாம் எதிரே இருப்பவரின் கண் முதலில் அந்தக் கோட்டில்தான் நிற்கும். உங்கள் இங்கிலாந்திலேயே அதற்காக 1947இல் பெற்றோர் விவரமே இல்லாத சுருக்கச் சான்றிதழைக் கொண்டுவந்தார்கள். திறந்து வைத்தவர்களே அரைக்கதவைச் சாத்தியிருக்கிறார்கள், கவனியுங்கள்.

பிட்டும்பைட்டும்:
பாதுகாப்புத் துறையில் இருப்பவன், கொஞ்சம் குறுக்கே வருகிறேன். 2005இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வாளர்கள் டெக்சாஸ் மாநிலத்தின் பிறப்பு, திருமணப் பதிவுகளை மட்டும் வைத்துக்கொண்டு, கணினியில் பொருத்திப் பார்த்தே லட்சக்கணக்கானவர்களின் தாய்வழிக் குடும்பப் பெயரைக் கண்டுபிடித்துக் காட்டினார்கள். எதையும் ஹேக் செய்யவில்லை, எல்லாம் பொதுவில் கிடந்த தகவல். அப்போது வங்கிக்குப் போன் செய்தால் “உங்கள் தாயின் குடும்பப் பெயர்?” என்பதுதான் பாதுகாப்புக் கேள்வி.

வேர்தேடி:
அது வங்கியின் கோளாறு. ஊருக்கே தெரிந்த பெயரைக் கடவுச்சொல்லாக வைத்துவிட்டு, பெயரை மறை என்றால் என்ன நியாயம்? இன்று பதிவேட்டைப் பூட்டினாலும் அந்தப் பெயர் முகநூலில் மாமா வீட்டுக் கல்யாணப் படத்துக்கு அடியில் கிடக்கும்.

பிட்டும்பைட்டும்:
வங்கி விஷயத்தில் மறுக்க மாட்டேன். ஆனால் அலுவலகத்துக்குப் போய் ஒரு பெயரைக் கேட்பதும், மொத்தப் பதிவேட்டையும் ஒரே இரவில் இறக்கிக்கொள்வதும் ஒன்றில்லை. பழைய ஏட்டுக்கு ஒரு காவல் இருந்தது. சட்டம் போட்ட காவல் இல்லை, சோம்பல்தான். பஸ் பிடித்து, வரிசையில் நின்று, தூசியைத் தட்டிப் புரட்ட யாருக்கு நேரம்? அந்தக் காவல் இப்போது போய்விட்டது. அயர்லாந்தில் 2014 ஜூலையில் பதிவு அட்டவணையை அரசு இணையத்தில் போட்டார்கள். உயிரோடு இருக்கிறவர்களின் பிறந்த தேதியும் தாயின் குடும்பப் பெயரும் அதில் இருந்தன. தகவல் பாதுகாப்பு ஆணையர் ஆட்சேபித்ததும் அதே மாதம் நீக்கிவிட்டார்கள். அப்புறம் 2016இல் பிறப்புக்கு 100, திருமணத்துக்கு 75, இறப்புக்கு 50 என்று ஆண்டுக்கணக்கு வைத்து, பழைய பதிவுகளின் படங்களையே இலவசமாகப் போட்டார்கள். வேர்தேடிக்கு அதில் லாபம்தான்.

தாழ்ப்பாள்:
இறந்தவர்களைப் பற்றியும் பேசுவோம். செத்தவனுக்கு என்ன தனியுரிமை என்று அடுத்து யாராவது வருவீர்கள். பிரிட்டனில் ரகசியப் போலீசார் போராட்டக் குழுக்களுக்குள் நுழைய, சின்ன வயதில் இறந்துபோன குழந்தைகளின் பெயரையும் பிறந்த தேதியையும் எடுத்து ஆண்டுக்கணக்கில் அந்தப் பெயரில் வாழ்ந்திருக்கிறார்கள். பெற்றோருக்குப் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரியவந்தது. உங்கள் பிள்ளையின் பெயரில் ஒருவன் எங்கோ பாஸ்போர்ட் வைத்துத் திரிந்தான் என்று கேள்விப்பட்டால் எப்படி இருக்கும்? எல்லாம் திறந்த பதிவேட்டில் விரல் வைத்துப் பொறுக்கியதுதான்.

பதிவறைக்காரர்:
ஓய்வு பெற்ற எழுத்தர் நான். தாழ்ப்பாள் சொன்னதில் ஒரு திருத்தம் உண்டு. அந்தத் தந்திரம் பலித்தது ஏடு திறந்திருந்ததால் மட்டும் இல்லை. பிறப்பு ஒரு ஏடு, இறப்பு இன்னொரு ஏடு, இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே கிடையாது. குழந்தை இறந்ததும் அதன் பிறப்புப் பதிவின் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதியிருந்தால், சான்றிதழ் கேட்டு வருகிறவனைக் கவுன்டரிலேயே பிடித்திருக்கலாம். பிரான்சில் பிறப்புப் பதிவின் ஓரத்திலேயே பிற்காலத் திருமணத்தையும் இறப்பையும் குறித்து வைக்கிறார்கள். மூடுவதற்கு முன் இணையுங்கள் என்பேன்.

அமெரிக்காவின் இறப்புப் பட்டியலும் இதே கதைதான். இறந்தவர் பெயரில் கடன் கேட்டு வருகிறவனைப் பிடிக்க வங்கிகளுக்கு அது வேண்டும். அதே பட்டியலில் இருந்து இறந்த குழந்தைகளின் சமூகப் பாதுகாப்பு எண்ணைப் பொறுக்கி, வரிப் பணத்தைத் திரும்பப் பெறுவதாக ஏமாற்றி வாங்கினவர்களும் உண்டு. 2013இல் சட்டம் போட்டு, அண்மையில் இறந்தவர்களின் விவரத்தைச் சுமார் 3 ஆண்டுகளுக்குச் சான்று பெற்றவர்களுக்கு மட்டும் என்று ஆக்கினார்கள்.

நிழல்மரம்:
நீங்கள் எல்லாரும் அடுத்தவர் பதிவைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் தத்துப்பிள்ளை. என் சொந்தப் பதிவே எனக்கு மூடியிருந்தது. ஸ்காட்லாந்தில் 1930 முதலே வயது வந்த தத்துப்பிள்ளைகள் தங்கள் அசல் பிறப்புப் பதிவைப் பார்க்கலாம். இங்கிலாந்தில் அதற்கு 1975ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. அயர்லாந்தில் 2022 வரை இழுத்தார்கள். தனியுரிமை என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் அந்தப் பூட்டு யார் பக்கம் விழுகிறது என்று பார்க்கிறேன். பெரும்பாலும் என் போன்றவர் பக்கம்தான்.

தாழ்ப்பாள்:
உங்கள் பதிவு உங்களுக்குக் கிடைக்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சே இல்லை. ஆனால் பெற்ற தாய் “யாருக்கும் சொல்ல மாட்டோம்” என்ற வாக்கை நம்பிக் கையெழுத்துப் போட்டிருந்தால்?

நிழல்மரம்:
அந்த வாக்கைக் கொடுத்தவர்கள் என்னைக் கேட்டுக் கொடுக்கவில்லை.

தாழ்ப்பாள்:
சரி, அதை அங்கேயே விடுகிறேன். வேர்தேடிக்கு ஒரு கேள்வி. திருமணப் பதிவு நாலு பேருக்குத் தெரியத்தான் என்றீர்கள். இந்தியாவின் 1954ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி, மணக்க விரும்புகிறவர்கள் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த ஏட்டை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம். சாதி மதம் தாண்டி மணக்கிறவர்களுக்கு அந்த 30 நாள் என்ன அர்த்தம் என்று நான் விளக்க வேண்டுமா? கேரளத்தில் இணையத்தில் போட்ட அறிவிப்புகளைப் படத்தோடு, முகவரியோடு எடுத்துச் சுற்றுக்கு விட்டார்கள். 2020இல் பதிவேற்றுவதை நிறுத்தினார்கள்.

வேர்தேடி:
அது முன்னறிவிப்பு, பதிவேடு இல்லை. நடக்கப்போவதைத் தடுக்க வருகிறவனுக்கு நாள் குறித்துக் கொடுப்பதை நானும் எதிர்க்கிறேன். நடந்து முடிந்த திருமணத்தின் பதிவு வேறு.

தாழ்ப்பாள்:
ஓடிப்போய் மணந்தவர்களைத் தேடுகிறவனுக்கு நடந்து முடிந்தது என்ற கணக்கே கிடையாது, நண்பரே. பதிவில் முகவரி இருக்கிறதல்லவா?

வேர்தேடி:
முகவரியை மட்டும் மறையுங்கள். இந்தியாவில் இறப்புப் பதிவின் நகலை யாருக்குக் கொடுத்தாலும் இறப்புக் காரணத்தைக் காட்டக்கூடாது என்று 1969ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. இங்கிலாந்துச் சான்றிதழில் காரணம் பச்சையாக இருக்கும். இப்படி ஒரு கட்டத்தை மூடிவிட்டு மற்றதைத் திறக்கலாமே. 100 ஆண்டு, 110 ஆண்டு என்பதெல்லாம் எதற்கு? நியூயார்க் நகரத்தில் பிறப்புக்கு 125 ஆண்டு வைத்திருக்கிறார்கள். உலகத்திலேயே அதிக நாள் வாழ்ந்ததாகப் பதிவான ழான் கால்மெண்ட் என்ற பிரெஞ்சுப் பெண்மணி 122 வயதில் இறந்தார். அவருக்கும் மேலே 3 ஆண்டு!

பதிவறைக்காரர்:
நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு பக்கத்தில் பல பதிவுகள் இருக்கும். கேட்டவருக்கு வேண்டிய வரியை மட்டும் விட்டு, மேலும் கீழும் ஒரு அட்டையை வைத்து மறைத்துக் காட்டுவோம். பெயரும் ஆண்டும் சொன்னால் கிடைக்கும். சும்மா புரட்டிப் பார்க்க விடமாட்டோம். அதுபோல இணையத்திலும் ஒரு நேரத்தில் ஒரு பெயர் என்று வைத்தால் இருதரப்புக்கும் சரிப்படும்.

வேர்தேடி:
அய்யா, என் தாத்தாவுக்கு முன் பிறந்து ஒரு வயதுக்குள் இறந்த பிள்ளைகள் இருந்தார்கள் என்று மட்டும் வீட்டில் பேச்சு. பெயர் யாருக்கும் தெரியாது. உங்கள் கவுன்டரில் நான் என்ன பெயர் சொல்வேன்?

பதிவறைக்காரர்:
பெற்றோர் பெயரைச் சொல்லலாம். அதை வைத்துத் தேட ஒரு அட்டவணை போட்டால் போதும்.

பிட்டும்பைட்டும்:
பெற்றோர் பெயர் கொடுத்தால் பிள்ளைகள் எல்லாரும் வரிசையாக வரும் அட்டவணை. டெக்சாஸில் அந்த இரண்டு பேர் மெனக்கெட்டுச் செய்ததை நீங்களே பொத்தானாக வைத்துக் கொடுக்கிறீர்கள்.

வேர்தேடி:
இறந்தவர்களுக்கு மட்டும் வையுங்கள்.

பிட்டும்பைட்டும்:
யார் இறந்தார் என்று இரண்டு ஏட்டையும் இணைத்த பிறகுதானே தெரியும். அந்த வேலையை முதலில் யார் செய்வது?