மதிய இடைவேளைக்குப் பிறகு மட்டும் டேட்டாபேஸ் இணைப்பு தொங்குகிறது, காலையில் சிக்கல் இல்லை

கணினிக்கூடம்:
வணக்கம். ஒரு கல்லூரியின் கட்டணப் பிரிவு பயன்படுத்தும் செயலியைப் பராமரிக்கிறேன். வெப் சர்வரில் என்ஜின்எக்ஸ் (கோரிக்கைகளை வாங்கிச் செயலிக்கு அனுப்பும் மென்பொருள்), அதற்குப் பின்னால் பைத்தான் செயலி. டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸ் தனி சர்வரில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு லினக்ஸ் பெட்டி ஃபயர்வாலாக நிற்கிறது, விதிகள் ஐபிடேபிள்ஸில் (லினக்ஸின் பாக்கெட் வடிகட்டி).

ஊழியர்கள் ஒரு மணிக்குச் சாப்பிடப் போய் இரண்டரைக்குத் திரும்புகிறார்கள். முதல் ரசீதைப் பதிந்ததும் திரை அப்படியே நின்றுவிடுகிறது. ஒரு நிமிடம் கழித்து 504, அதாவது பின்னாலிருந்து பதில் வரவில்லை என்ற பிழை. செயலியின் லாகில் கால் மணி நேரத்துக்கும் சற்றுப் பிறகுதான் இணைப்பு காலாவதியானதாகப் பிழை விழுகிறது. அதே நேரத்தில் வெப் சர்வரிலிருந்து நான் கையால் போஸ்ட்கிரெஸுக்கு இணைத்தால் உடனே உள்ளே விடுகிறது.

எனக்குப் பிடிபடாதது இதுதான்: இரவு முழுவதும் யாரும் தொடுவதில்லை, ஆனால் காலையில் எந்தத் தொல்லையும் இல்லை. லாகில் ஓரிரு பிழை வரிகள் தெரிகின்றன, அவ்வளவே. இரவெல்லாம் சும்மா கிடந்தால் பிழைக்கிறது, ஒன்றரை மணி நேரம் கிடந்தால் சாகிறதா?

சேர்க்கை முடிவு வெளியான நாளில் வெப் சர்வரின் கெர்னல் லாகில் 'டேபிள் ஃபுல், டிராப்பிங் பாக்கெட்' என்று வந்தது. அதனால் அங்கே கான்டிராக் (கெர்னல் இணைப்புகளைப் பதிந்துவைக்கும் அட்டவணை) வரம்பை 65,536இலிருந்து 2,62,144ஆக உயர்த்தினேன். அந்தச் செய்தி நின்றுவிட்டது. மதியச் சிக்கல் மட்டும் அசையவில்லை.

நெட்டோட்டம்:
வரம்பை 10 லட்சமாக்கிப் பாருங்கள். இல்லையென்றால் உள்வலைதானே, நடுப்பெட்டியில் ஃபயர்வாலை நிறுத்திவிடுங்கள்.

வேலிகாத்தான்:
ஃபயர்வாலை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் சிக்கலோடு தடயமும் போய்விடும். வரம்பும் இதற்கு மருந்தல்ல. அட்டவணை நிரம்பினால் அடி வாங்குவது புதிய இணைப்பு, ஏற்கெனவே பதிவானது ஓடிக்கொண்டிருக்கும். உங்களிடம் தலைகீழாக இருக்கிறது: புதியது உடனே கிடைக்கிறது, பழையது தொங்குகிறது. நடுவில் யாரோ பழைய இணைப்பை மறந்துவிட்டார்கள்.

கால் மணி நேரக் கணக்கைச் சொன்னீர்களே, அது நல்ல துப்பு. அனுப்பிய தரவுக்கு ஏற்பு வராவிட்டால் லினக்ஸ் திரும்பத் திரும்ப அனுப்பும். இடைவெளி ஒவ்வொரு முறையும் இரட்டித்து 120 விநாடியில் நிலைக்கும். இயல்பான அமைப்பில் 15 மறுமுயற்சிக்குப் பிறகு கைவிடும். மொத்தம் ஏறக்குறைய 924 விநாடி, அதாவது பதினைந்தரை நிமிடம். ஆக, உங்கள் பாக்கெட்டை யாரும் மறுக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை, சத்தமில்லாமல் விழுங்குகிறார்கள்.

நடுப்பெட்டியில் பாருங்கள், வெப் சர்வரில் அல்ல. நிலைபெற்ற டிசிபி இணைப்புக்கான கான்டிராக் காலக்கெடு அங்கே எவ்வளவு? போஸ்ட்கிரெஸின் 5432 போர்ட்டை அனுமதிக்கும் விதி சின் கொடியை (புதிய இணைப்பைத் தொடங்கும் பாக்கெட்டின் அடையாளம்) கேட்கிறதா? அடுத்த முறை தொங்கும்போது இரு முனையிலும், போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் ஓடட்டும்.

கணினிக்கூடம்:
பார்த்துவிட்டேன் ஐயா. காலக்கெடு 3,600 விநாடி. அமைப்புக் கோப்பில் எனக்கு முன்பிருந்தவர் பக்கத்திலேயே குறிப்பு வைத்திருக்கிறார்: 'அட்டவணை நிரம்புவதால் குறைக்கப்பட்டது.' விதி சின் கொடியைக் கேட்கிறது. எதற்கும் பொருந்தாதவை கடைசி வரியில் டிராப், அதாவது பதிலின்றி விழுங்கப்படும்.

இன்று மதியம் டிசிபிடம்ப் ஓடவிட்டேன். வெப் சர்வரில் ஒரே வரிசை எண் கொண்ட பாக்கெட் 0.2, 0.4, 0.8, 1.6 விநாடி என்று விலகி விலகிக் கிளம்பிக்கொண்டே இருந்தது. டேட்டாபேஸ் சர்வரில் ஒரு வரிகூட வரவில்லை. இணைப்புகளைப் பட்டியலிடும் எஸ்எஸ் கட்டளை இரு முனையிலும் அந்த இணைப்பை 'எஸ்டாப்' (நிலைபெற்றது) என்றே காட்டியது. நடுப்பெட்டியின் கான்டிராக் பட்டியலில் அந்தப் போர்ட் எண்ணைத் தேடினால் எதுவும் இல்லை.

வேலிகாத்தான்:
அப்படியானால் சந்தேகத்துக்கு இடமில்லை. கெர்னலின் இயல்பான காலக்கெடு 4,32,000 விநாடி, முழுதாக 5 நாள். அவ்வளவு நீளம் தேவையில்லைதான், அவர் குறைத்ததை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லினக்ஸின் கீப்அலைவ் (சும்மா கிடக்கும் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி) முதல் சோதனைப் பாக்கெட்டை 7,200 விநாடி கழித்துத்தான் அனுப்பும். நடுப்பெட்டி ஒரு மணி நேரத்தில் மறக்கிறது, முனைகள் இரண்டு மணி நேரம் கழித்துத்தான் விசாரிக்கின்றன. இந்த இடைவெளிக்குள் உங்கள் சாப்பாட்டு நேரம் கச்சிதமாக விழுகிறது.

காலையில் ஏன் தப்பிக்கிறீர்கள் என்பதற்கும் இதுவே விடை. போஸ்ட்கிரெஸ் சர்வரும் செயலிப் பக்கம் இயங்கும் அதன் லிப்பிகியூ நூலகமும் கீப்அலைவை இயல்பாகவே இயக்கிவைக்கின்றன. இரவில் 2 மணி நேரம் ஆனதும் சோதனைப் பாக்கெட் கிளம்பும், நடுப்பெட்டி அதையும் விழுங்கும். 75 விநாடிக்கு ஒன்றாக 9 முறை தட்டிப் பார்த்துவிட்டு, சுமார் 2 மணி 11 நிமிடத்தில் இணைப்பு செத்தது என்று முனைகளே முடிவுகட்டும். காலையில் பூல் (செயலி திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) அதைத் தொட்டதுமே பிழை வரும், எறிந்துவிட்டுப் புதிய இணைப்பைத் திறக்கும். நீங்கள் பார்த்த ஓரிரு பிழை வரிகள் அவைதான். மதியம் இரண்டரைக்கு அந்த இணைப்பு செத்த செய்தி இன்னும் யாருக்கும் போய்ச் சேர்ந்திருக்காது.

போஸ்ட்கிரெஸ் அமைப்பில் கீப்அலைவ் காத்திருப்பை 300 விநாடியாக்குங்கள். சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டாம், அமைப்பை மறுபடி படிக்கச் சொன்னால் போதும். டேட்டாபேஸ் பக்கமிருந்து கிளம்பும் அந்தச் சிறு பாக்கெட்டும் அதற்கு வரும் பதிலும் நடுப்பெட்டியின் கடிகாரத்தைத் திருப்பி வைத்துவிடும். இது ஒன்றே மதியச் சிக்கலை நிறுத்தும்.

இருந்தாலும் நான் இன்னொன்றையும் செய்வேன். உள்வலைப் பக்கமிருந்து 5432க்கு வரும் பாக்கெட்டுகளில், கான்டிராக் காட்டும் நிலை 'நியூ' (புதியது) ஆக இருந்தும் சின் கொடி இல்லாதவற்றுக்கு, டிராப்புக்கு முன்பாகவே டிசிபி ரீசெட் (இணைப்பை உடனே முறிக்கும் பதில்) அனுப்பும் ரிஜெக்ட் விதியைப் போடுங்கள். நாளைக்கு நடுப்பெட்டி மறுதொடக்கமாகி எல்லாவற்றையும் மறந்தாலும், செயலிக்கு உடனே முகத்தில் அடித்ததுபோல் பதில் கிடைக்கும், பூல் புதிதாக இணைத்துக்கொள்ளும். 'இன்வாலிட்' (கான்டிராக்கால் அடையாளம் காண முடியாதது) நிலைக்கு மட்டும் ரிஜெக்ட் போடாதீர்கள். தாமதமாகவோ வரிசை மாறியோ வந்த பாக்கெட்டும் அதில் சிக்கி, நல்ல இணைப்பு அறுந்துவிடும். அங்கே டிராப்தான் சரி.

இரவுக்காவல்:
மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸ் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சும்மா கிடக்கும் இணைப்பை மூடும் அதன் வெயிட் டைம்அவுட் இயல்பாக 28,800 விநாடி, 8 மணி நேரம். நடுவில் இருக்கும் ஃபயர்வால் அதுவரை பொறுமை காக்கும் என்று நம்ப முடியாது. பூலில் ஓர் இணைப்பின் ஆயுளை ஃபயர்வாலின் காலக்கெடுவுக்குக் கீழே வைத்தாலும் வேலை நடக்கும்.

சேர்க்கை முடிவு நாள் விஷயம் வேறு. என்ஜின்எக்ஸ் உங்கள் செயலியோடு 127.0.0.1 வழியாகப் பேசுகிறதா? இப்படிக் கணினி தன்னோடே பேசும் லூப்பேக் இணைப்பையும் கான்டிராக் எண்ணும். வெளியே ஒன்று, உள்ளே ஒன்று என்று ஒரு பார்வையாளருக்கே இரண்டு பதிவு. முடிந்த இணைப்பும் டைம் வெயிட் என்ற காத்திருப்பு நிலையில் 120 விநாடி இடத்தைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு (ஒரே கணினிக்குள் வலைப்பாதை இல்லாமல் பேசும் வழி) மாற்றினால் அந்தப் பாதி அப்படியே ஒழியும். மாற்ற முடியாவிட்டால் ஐபிடேபிள்ஸின் ரா அட்டவணையில் லூப்பேக் போக்குவரத்துக்கு இரு திசையிலும் நோடிராக் (கான்டிராக்கில் பதியாதே என்ற விதி) போடுங்கள். 2,62,144 என்ற வரம்பைப் பற்றிக் கவலை வேண்டாம், அது முழுதாக நிரம்பினாலும் நினைவகத்தில் 100 எம்பி அளவில்தான் நிற்கும்.

கணினிக்கூடம்:
கீப்அலைவ் 300 ஆக்கிவிட்டேன். சாப்பாட்டு வேளையில் நடுப்பெட்டியின் பட்டியலைக் கவனித்தேன்: ஒவ்வொரு பதிவிலும் மீதிக் காலம் 3,600இலிருந்து இறங்கி 3,300ஐ ஒட்டி வந்ததும் மறுபடி 3,600க்கு ஏறுகிறது. இரண்டரைக்கு முதல் ரசீது உடனே போனது. ரிஜெக்ட் விதியைச் சோதிக்க, கான்டிராக் கட்டளையால் ஓர் இணைப்பின் பதிவை வேண்டுமென்றே அழித்தேன். செயலி அடுத்த கோரிக்கையில் ரீசெட் வாங்கி, அதே நொடியில் புதிதாக இணைந்துகொண்டது. என்ஜின்எக்ஸை யூனிக்ஸ் சாக்கெட்டுக்கு மாற்றும் வேலை ஞாயிற்றுக்கிழமைக்கு.

ஒரு சந்தேகம் மீதமிருக்கிறது. வெப் சர்வரை மறுதொடக்கம் செய்தால் கான்டிராக் வரம்பு மீண்டும் 65,536க்கே போகிறது. கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்கன்ட்ரோல் கோப்பில் எழுதித்தான் இருக்கிறேன்.

வேலிகாத்தான்:
கணினி எழும்போது சிஸ்கன்ட்ரோல் கோப்பு முதலில் படிக்கப்படுகிறது, கான்டிராக் மாட்யூல் (கெர்னலில் தனியாக ஏற்றப்படும் பகுதி) பிறகுதான் ஏறுகிறது. படிக்கும் நேரத்தில் அப்படி ஓர் அமைப்பே கெர்னலில் இல்லாததால் அந்த வரி வீணாகிறது. தொடக்கத்திலேயே ஏற்ற வேண்டிய மாட்யூல்களின் பட்டியலில் அதன் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.