சோலார் பேனல் உத்தரவாதம்: கேட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வெயிலோன்:

பேனலுக்கு உத்தரவாதம் கேட்டு, கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் நடந்ததை எழுதுங்கள். நானே தொடங்குகிறேன்.

மழைக்காலக் காலைகளில், பேனல் தரும் நேர்மின்சாரத்தை வீட்டுக்கான மாறுமின்சாரமாக்கும் எங்கள் இன்வெர்ட்டர் இயங்க மறுத்தது. திரையில் காப்புத்தடைப் பிழை, அதாவது மின்சாரம் வெளியே கசியாமல் தடுக்கும் காப்பு போதவில்லை என்று காட்டும். வெயில் ஏறியதும் எதுவுமே நடவாததுபோல் ஓடத் தொடங்கிவிடும். நிறுவியவர் வருவதோ எப்போதும் நண்பகலில். அப்போது எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். இன்வெர்ட்டர் கோளாறு என்றார் அவர். பேனல் பக்கம் பாருங்கள் என்றது இன்வெர்ட்டர் நிறுவனம். கடைசியில் வேறொரு மின்பணியாளர் விடிந்ததும், பனி காயும் முன்பே வந்து, காப்புத்தடையை அளக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்தார். தொடராகக் கோத்த பேனல் வரிசைகளில் ஒன்றில் மட்டும் காப்புத்தடை அடியோடு விழுந்திருந்தது. அந்தப் பேனல்களைக் கழற்றித் திருப்பினால், பின்புறத் தாளில் நீளநீளமாக வெடிப்புகள். அதன் வழியே ஈரம் இறங்கிச் சட்டகத்துக்கு மின்கசிவு.

2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் வந்த பல பேனல்களில் பாலிஅமைடு வகைத் தாளைப் பயன்படுத்தினார்கள் என்பதும், அது சில ஆண்டு வெயிலிலேயே வெடிக்கும் என்பதும் இத்துறையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாம். வாங்கியவர்களுக்கு மட்டும்தான் தெரியாது.

நல்லவேளையாக, பேனலின் பொருள் குறைபாட்டுக்கான உத்தரவாதம் முடிய இன்னும் கொஞ்சம் காலம் இருந்தது. தயாரிப்பாளர் வரிசை எண்கள், பின்புறப் படங்கள், மெக்கர் அளவுகள், அசல் ரசீது எல்லாவற்றையும் கேட்டார். கொடுத்தோம். நெடுநாள் கழித்துப் புதிய பேனல்கள் வந்தன. கொண்டுவரும் செலவும் கழற்றி மாட்டும் கூலியும் எங்களுடையவை. மாற்றுப் பேனலுக்கு உத்தரவாதம் புதிதாகத் தொடங்காது, பழையதில் மிச்சமிருக்கும் காலம் மட்டுமே செல்லும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது.

மேற்குச் சரிவு:

உங்களுக்குப் பொருள் உத்தரவாதத்தில் கிடைத்திருக்கிறது. நான் மாட்டிக்கொண்டது இன்னொன்றில், மின் உற்பத்தி உத்தரவாதத்தில்.

விற்பவர்கள் மூச்சுக்கு மூச்சு சொல்லும் 25 ஆண்டு பெரும்பாலும் மின் உற்பத்திக்கானது. முதல் ஆண்டில் 2 அல்லது 3 விழுக்காடு குறையலாம், அதன்பின் ஆண்டுக்கு அரை விழுக்காடு அளவில் குறையலாம், கடைசியில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் என்று சாய்கோடு ஒன்றைப் போட்டுக் கொடுப்பார்கள். பொருளுக்கான உத்தரவாதமோ பல பேனல்களில் 10 அல்லது 12 ஆண்டுதான்; இப்போது சில நிறுவனங்கள் அதையும் 25 ஆக்கியிருக்கின்றன.

எங்கள் வீட்டில் உற்பத்தி திடீரென்று இறங்கியது. செயலியில் பதிவான மாதவாரிக் கணக்கை எடுத்துத் தயாரிப்பாளருக்கு அனுப்பினேன். அதை ஏற்க முடியாது என்று பணிவான கடிதம் வந்தது. அவர்கள் உறுதி கூறுவது ஆய்வுக்கூட நிலைக்கு: சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி, பேனலுக்குள் மின்சாரம் உண்டாக்கும் செல்லின் வெப்பம் 25 டிகிரி. எந்தக் கூரையில் செல் 25 டிகிரியில் இருக்கிறது? நல்ல வெயிலில் 65 டிகிரிக்குப் போகும். 25க்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.35 விழுக்காடு குறையும் என்று வைத்தாலும் 14 விழுக்காடு அங்கேயே போய்விடுகிறது. அது பழுது அல்ல, இயல்பு. ஆகவே பேனலைக் கழற்றி, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, நம் செலவில் சோதித்துக் காட்ட வேண்டும். அளவீட்டுப் பிழைக்கென்று அவர்கள் 3 விழுக்காடு தள்ளுபடி வேறு எடுத்துக்கொள்வார்கள். ஒரு வீட்டுக்காரர் இதைச் செய்து முடிப்பார் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை என்பதுதான் என் எண்ணம்.

பிறகு வெப்பப் படக்கருவியும் மின்னழுத்தமானியும் வைத்துப் பார்த்ததில் விடை வேறாக இருந்தது. பேனலின் பின்னால் கம்பிகள் சேரும் சந்திப்புப் பெட்டிக்குள், நிழல் விழுந்த பகுதியைச் சுற்றி மின்னோட்டத்துக்கு மாற்றுவழி விடும் பைபாஸ் டயோடுகள் பொதுவாக மூன்று உண்டு. ஒன்று குறுக்குச்சுற்றாகிவிட்டால் பேனலின் மூன்றில் ஒரு பங்கு செத்தது. எங்கள் பேனல்கள் இரண்டில் அதுவே நடந்திருந்தது. அதையே பொருள் குறைபாடு என்று மாற்றி எழுதி அனுப்பினேன். மறுபேச்சு இல்லாமல் மாற்றிக் கொடுத்தார்கள். உற்பத்தி குறைகிறது என்று எழுதாதீர்கள், எந்த உறுப்பு கெட்டது என்று எழுதுங்கள்.

ஓடுமேல் ஒன்பது:

எங்கள் கதையில் பேனல்கள் நலம். நிறுவியவர்தான் இல்லை. கூரையில் துளையிட்ட இடத்தில் நீர் கசிகிறது. வேலைக்கான உத்தரவாதம் அவர் கொடுத்தது, கடையை மூடிவிட்டார். தயாரிப்பாளரிடம் கேட்டால் கூரை எங்கள் பொறுப்பல்ல என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். தயாரிப்பாளர்கள் மட்டும் நிலையா என்ன? சன்டெக்கின் முதன்மைக் கிளை 2013இல், சோலார்வேர்ல்டு 2017இல், சன்பவர் 2024இல் என்று பெரிய பெயர்களே திவாலுக்குப் போயிருக்கின்றன.

முறுக்காணி:

நான் இந்த வேலையைச் செய்பவன். பேனலைப் பற்றி அச்சுறுத்த எனக்கு விருப்பமில்லை. சுவிட்சர்லாந்தின் லுகானோவில் 1982இல் நிறுவிய 10 கிலோவாட் அமைப்பு முப்பது ஆண்டு கடந்தும் மின்சாரம் கொடுத்தது. அமெரிக்காவின் தேசியப் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் ஆய்வகமான என்ஆர்இஎல்லின் ஆய்வாளர்கள் ஏறத்தாழ 2000 அளவீடுகளைத் திரட்டி 2012இல் வெளியிட்டதில், ஆண்டுத் தேய்மானத்தின் இடைநிலை அளவு 0.5 விழுக்காடு. பேனல் பொதுவாக உழைக்கும்.

உழைக்காதது இன்வெர்ட்டர். அதற்குத் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் 5 முதல் 10 ஆண்டு. 25 ஆண்டில் ஒரு தடவையாவது மாற்ற வேண்டிவரும் என்று முதல் நாளே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் மின்பகுபொருள் மின்தேக்கிகளுக்கு வெப்பமே எமன். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் கைக்கணக்கு. ஆனாலும் மேற்கு வெயில் நேரே அடிக்கும் சுவரிலேயே மாட்டச் சொல்கிறார்கள், கம்பி மிச்சமாகுமாம்! நிழலில், காற்றோட்டமாக மாட்டுங்கள். விசிறி இருந்தால் தூசி தட்டுங்கள்.

இன்னொன்று, பேனல் கம்பிகளைக் கோக்கும் இணைப்பான்கள். ஒரு நிறுவனத்தின் ஆண் முனையை வேறு நிறுவனத்தின் பெண் முனையில் செருகினால் பார்க்கப் பொருந்தியதுபோலத்தான் இருக்கும். ஆனால் தொடுமுனை சூடாகி உருகும், தீயும் பிடிக்கலாம். உத்தரவாதத்தை மறுக்க அவர்களுக்கு இதைவிட எளிய காரணம் கிடைக்காது. அழுத்த நீர் பாய்ச்சிக் கழுவுவதும், பேனல்மேல் ஏறி நடப்பதும் இதே கணக்கில் சேரும். கடலுக்கு மிக அருகில் வீடு என்றால், அந்தத் தொலைவை உத்தரவாதம் ஏற்கிறதா என்று முன்பே கேளுங்கள்.

வரிசை எண் ஒட்டியிருப்பது பெரும்பாலும் பேனலின் பின்பக்கத்தில். மாட்டிவிட்டால் படிக்க முடியாது. மாட்டும் முன் ஒவ்வொன்றையும் படம் பிடித்து, எது எந்த இடத்தில் என்று தாளில் வரைந்து வையுங்கள். பலர் வீட்டில் உரிமை கோரிக்கை நின்றுபோவது இந்த இடத்தில்தான்.

ஓடுமேல் ஒன்பது:

வெயிலோன் ஐயா, மாற்றுப் பேனல்கள் பழைய அளவிலேயே வந்தனவா?

வெயிலோன்:

இல்லை நண்பரே. அந்த அளவைச் செய்வதையே நிறுத்திவிட்டார்களாம். வந்தவை பெரியவை, வாட்டும் கூடுதல். பழையவற்றோடு ஒரே வரிசையில் கோத்தால், குறைந்த மின்னோட்டம் தரும் பேனலின் அளவுக்கே எல்லாம் இழுபடும். அதனால் நல்ல பழைய பேனல்களைத் தனி வரிசையாக்கி, புதியவற்றை இன்வெர்ட்டரின் இரண்டாவது எம்பிபிடி உள்ளீட்டில் (ஒவ்வொரு வரிசையிலிருந்தும் கூடியவரை அதிக மின்சாரத்தைத் தனித்தனியே எடுக்கும் உள்ளீடு) கொடுத்தோம். அங்கேயும் இன்வெர்ட்டர் இயங்கத் தொடங்கத் தேவையான மின்னழுத்தம் எட்டும் அளவுக்குப் பேனல் எண்ணிக்கை போதுமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டகத்தின் தடிமன் வேறு என்பதால் பழைய பிடிகள் பொருந்தவில்லை. அவற்றை நாங்களே வாங்கி மாற்றினோம்.