எலும்பையும் எலும்பையும் கட்டுவதற்கு என்ன பெயர்?

தறி எழுதியது:

குழுமத்தாருக்கு வணக்கம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான ஓர் அறிவியல் முகாமுக்கு 'எலும்பும் தசையும்' என்று சிறு கையேடு மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். வியாழக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். எலும்பு, மூட்டு, குருத்தெலும்பு எதிலும் சிக்கலில்லை. தசையை எலும்போடு சேர்க்கும் டெண்டனுக்குத் தசைநாண் என்று போட்டுவிட்டேன். எலும்பை எலும்போடு கட்டும் லிகமென்ட்டில்தான் மாட்டிக்கொண்டேன்.

தசைநார் என்று பலரும் எழுதுகிறார்கள். அதில் தசையே கிடையாதே! கிரிக்கெட் வீரருக்குத் 'தசைநார் கிழிவு' என்று செய்தி வந்தால் கிழிந்தது லிகமென்டா, டெண்டனா, தசையேதானா என்று தெரிவதில்லை. பிள்ளைகளுக்கு வரும் பரம்பரை நோய்க்கும் 'தசைநார்ச் சிதைவு' என்று பெயர் வைத்திருக்கிறோம். ஒரு சொல் எத்தனை வேலைதான் பார்க்கும்?

எனக்கு வேண்டியது இந்த ஒரு வரி: "தசைகள் இழுக்கும்போது எலும்புகள் மூட்டை விட்டு விலகாமல் ______ பிடித்துக்கொள்கின்றன." கோடிட்ட இடத்தை நிரப்பித் தாருங்கள்.

வேர்ச்சொல் கிழார் எழுதியது:

தறி அம்மா, முதலில் நாணைச் சரியாகப் புரிந்துகொள்வோம். நாண், நாணல், நாணம் மூன்றும் வளைதல், ஒடுங்குதல் என்ற ஒரே கருத்தில் கிளைத்தவை என்பது என் துணிபு. வில்லை வளைப்பது நாண். காற்றுக்கு வளைவது நாணல். தலை வளைவது நாணத்தால். ஆகவே மூட்டை வளைக்கும் உறுப்புக்கு நாண் என்ற பெயர் முற்றும் பொருந்தும்.

இனி உங்கள் சொல். எலும்பை எலும்போடு இணைப்பது என்பதால் என்பு + இணை = என்பிணை. மென்தொடர்க் குற்றியலுகரம் உயிர் வரக் கெட்டது, புணர்ச்சியில் பழுதில்லை. 'என்புதோல் போர்த்த உடம்பு' என்று வள்ளுவர் எடுத்தாண்ட சொல்லை நாம் ஏன் கைவிட வேண்டும்? நான்கே எழுத்து. பன்மைக்கு என்பிணைகள்.

பனைமடல் எழுதியது:

கிழார் ஐயா, ஈழத்தில் நாங்கள் என்பு என்றுதான் படிச்சோம், எலும்புக்கூட்டை வன்கூடு என்றோம். எங்களுக்கு அது பழைய சொல்லே இல்லை. ஆனால் என்பிணையை என் மாணவரிடம் கொடுத்தால் என் + பிணை என்று பிரிச்சு, 'என்னுடைய பெண்மான்' என்பார்கள். இன்னொருவன் 'என்னைப் பிணையில் எடுத்தது' என்பான். புணர்ச்சி சரியாக இருந்தால் மட்டும் போதாது, பிரிக்கும்போதும் சரியாக வர வேணும்.

1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயில் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்தவர். அவர் காலத்தில் உடற்கூற்றியலுக்கு அங்காதிபாதம் என்று பெயர். என்ன உழைப்பு! ஆனால் இன்று அங்காதிபாதம் என்றால் பாதத்தில் ஏதோ வருத்தம் என்று நினைப்பார்கள். தமிழில் படிப்பிக்க முடியும் என்பதை அவர் நிறுவினார். சொல் மட்டும் தங்கவில்லை.

முட்டிவைத்தியன் எழுதியது:

நான் பிசியோதெரபிஸ்ட். திருச்சிப் பக்கம். இலக்கணம் பேசத் தெரியாது, ஆனால் முட்டியைப் பிடித்துப் பார்த்துச் சொல்லத் தெரியும். என்னிடம் வருகிறவர்களில் ஒருவர்கூடத் தசைநார் என்று சொல்லிக் கேட்டதில்லை. "சார், ஜவ்வு கிழிஞ்சிருச்சாம்" என்றுதான் கால் நீட்டி உட்காருகிறார்கள். அந்தச் சொல் இருக்க, எதற்குப் புதுச்சொல்?

கிழார் ஐயாவின் என்பிணைக்கு வேறொரு சிக்கலும் உண்டு. லிகமென்ட் எல்லாமே எலும்பையும் எலும்பையும் கட்டுவதில்லை. கல்லீரலை வயிற்றுச் சுவரோடு பிடித்திருப்பதற்கும் லிகமென்ட் என்றுதான் பெயர். பல்லைத் தாடைக் குழியில் பிடித்திருப்பதும் அதுதான். முழங்கால் சில்லுக்குக் கீழே விரலை வைத்துப் பாருங்கள், கயிறு மாதிரி ஒன்று தட்டுப்படும். சில்லு ஓர் எலும்பு, கீழே கணைக்கால் எலும்பு. எலும்பிலிருந்து எலும்புக்கு, ஆகவே லிகமென்ட் என்கிறது உடற்கூற்றுப் புத்தகம். ஆனால் சில்லே தொடைத்தசையின் நாணுக்குள் புதைந்து உருவான எலும்பு. அந்த நாணின் தொடர்ச்சிதான் கீழேயும் போகிறது. அதனால் எலும்பு டாக்டர்கள் பலர் அதை டெண்டன் என்கிறார்கள். அவர்களுக்குள்ளேயே முடிவில்லை, நாம் எங்கே போய் முடிப்பது?

தறி எழுதியது:

முட்டிவைத்தியன் அண்ணா, ஜவ்வு நல்ல சொல்தான். ஆனால் முட்டிக்குள் மெத்தை போலிருக்கும் குருத்தெலும்பு கிழிந்தாலும் ஜவ்வு என்கிறார்கள். பாடத்தில் செல்லின் சவ்வு வேறு வருகிறது. பிள்ளை மூன்றையும் குழப்பிக்கொள்ளாதா? அதோடு, இது என்ன வேலை செய்கிறது என்று கொஞ்சம் விளக்குங்கள். வேலையிலிருந்து சொல் கிடைக்கலாம்.

முட்டிவைத்தியன் எழுதியது:

சரி தங்கச்சி, சொல்கிறேன். தசைக்கு இழுக்க மட்டும்தான் தெரியும், தள்ளத் தெரியாது. அதனால்தான் முன்கையை மடக்க முன்பக்கம் இருதலைத்தசையும் அதன் அடியிலுள்ள தசையும், நீட்டப் பின்பக்கம் முத்தலைத்தசை. ஒன்று இழுத்தால் மற்றது விட்டுக்கொடுக்கும்.

இப்போது முழங்கையை மடக்கி 5 கிலோ அரிசிப் பையைப் பிடியுங்கள். பை இருப்பது முழங்கையிலிருந்து ஏறக்குறைய 35 சென்டிமீட்டர் தள்ளி. தசையின் நாண் எலும்பில் ஒட்டுவது 5 சென்டிமீட்டர் தள்ளி. பைக்கு மட்டுமே தசை ஏழு மடங்கு, அதாவது 35 கிலோ எடைக்கு ஈடாக இழுத்தாக வேண்டும்; கையின் சொந்த எடை தனி. இது நெம்புகோல்தான், ஆனால் பலத்தில் நட்டம் தரும் நெம்புகோல். நட்டத்துக்கு ஈடாக, தசை கொஞ்சம் சுருங்கினாலே உள்ளங்கை நெடுந்தூரம் வேகமாகப் போகிறது.

இவ்வளவு பலமாக இழுத்தால் மூட்டு கழன்று போகாதா? அங்கேதான் லிகமென்ட் வருகிறது. முழங்கால்தான் நல்ல உதாரணம். காலை ஏறக்குறைய நீட்டி வைத்துக்கொண்டு தொடையின் முன்தசையை இறுக்கினால், அந்த இழுப்பே கணைக்கால் எலும்பை முன்னால் நழுவச் செய்யப் பார்க்கும். நழுவ விடாமல் உள்ளே குறுக்காகக் கட்டிப் பிடித்திருப்பது முன் லிகமென்ட். கிரிக்கெட், கால்பந்து ஆட்டக்காரர்களுக்குக் கிழிவது பெரும்பாலும் அதுதான். காலை ஊன்றி உடம்பைத் திருப்புவார்கள், 'டப்' என்று சத்தம் கேட்டது என்பார்கள், கொஞ்ச நேரத்தில் முட்டி வீங்கிவிடும். அப்புறம் பரிசோதனை மேசையில் காலை மடக்கிக் கணைக்காலை முன்னால் இழுத்துப் பார்ப்பேன். மேசை இழுப்பறை மாதிரி வழுக்கிக்கொண்டு வரும்.

நாண் இழுப்பைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இது நழுவலைத் தடுப்பது. இரண்டும் வெள்ளையாக, கயிறு போலத்தான் இருக்கும். வேலைதான் வேறு.

பனைமடல் எழுதியது:

நன்றி தம்பி. அப்படியென்றால் கட்டுதல், பிணைத்தல். லத்தீனிலும் லிகமென்ட்டின் வேர் கட்டுதல்தான், டெண்டனின் வேர் இழுத்து நீட்டுதல். பிணைநார் என்று வைப்போம். கல்லீரலுக்கும் பொருந்தும், பல்லுக்கும் பொருந்தும், எலும்புக்கும் பொருந்தும். முழங்காலில் இருப்பதை முன்குறுக்குப் பிணைநார் எனலாம். சிலுவை என்று சிலர் மொழிபெயர்ப்பார்கள், அது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை நினைவுக்கு வரும்.

வேர்ச்சொல் கிழார் எழுதியது:

பிணைநாரை ஏற்க இயலவில்லை. முதலாவது, பிணை என்றதும் பிணம் நினைவுக்கு வரும். மான்பிணைக்குச் சிரித்தவர்கள் இதற்கு ஏன் சிரிக்கவில்லை? இரண்டாவது, நார் என்பது வாழைநார், பூ நார். அறுந்துவிடும் மெல்லிய பொருள்.

உண்மையில் நாம் இழந்த சொல் நரம்பு. புறநானூற்றில் 'நரம்பு எழுந்து உலறிய நிரம்பா மென்தோள்' என்று முதியவளின் தோளைப் பாடுகிறார் காக்கைபாடினியார் நச்செள்ளையார். அங்கே நரம்பு என்பது மூளையிலிருந்து செய்தி கொண்டுபோகும் நரம்பு அல்லவே! தோலுக்கடியில் புடைத்துத் தெரிவது. யாழின் தந்தியும் நரம்பு. இழுத்துக் கட்டப்பட்ட எதுவும் நரம்பாக இருந்தது. பிற்காலத்தார் அதைப் பறித்து மூளைக்குக் கொடுத்துவிட்டனர். திருப்பி வாங்க வேண்டும்.

முட்டிவைத்தியன் எழுதியது:

ஐயா, திருப்பி வாங்கினால் நரம்பு டாக்டருக்கு என்ன பெயர் வைப்பது? ஆனால் நீங்கள் சொன்னது எங்கள் ஊரில் பாதி உயிரோடு இருக்கிறது. கணுக்கால் பிசகினால் "நரம்பு பிசகிருச்சு" என்றுதான் இன்னும் சொல்கிறார்கள். பெரும்பாலும் கணுக்காலின் வெளிப்பக்க லிகமென்ட்தான் இழுபட்டிருக்கும். அதை விளக்குவதற்குள் எனக்குப் பாதி நேரம் போய்விடுகிறது.

மூட்டுநார் என்றால் என்ன? தையல் கடையில் கைலியை மூட்டுகிறோமே, அதே மூட்டுதல். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்கமே வேண்டாம்.

பனைமடல் எழுதியது:

மூட்டுநாரும் நல்லாத்தான் இருக்கு. ஆனால் கல்லீரலில் ஏது மூட்டு? நீங்கள் சொன்ன குறையை நீங்களே மறந்துபோனீர்களே தம்பி.

முட்டிவைத்தியன் எழுதியது:

எட்டாம் வகுப்பில் கல்லீரல் லிகமென்ட் வராது அண்ணை. வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

மட்டுறுத்துநர் எழுதியது:

இந்த இழை நீண்டுவிட்டது. பிணத்தையும் பெண்மானையும் இத்தோடு விட்டுவிடுங்கள். எண்ணிப் பார்த்ததில் பிணைநாருக்கு ஆதரவு கூடுதல், மூட்டுநாருக்குச் சற்றுக் குறைவு, என்பிணைக்கு ஒருவர். ஜவ்வு என்று சொன்ன சிலர் பெயர் போட வேண்டாம் என்று தனிமடலில் கேட்டிருக்கிறார்கள்.

தறி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கோப்பை அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். வரி இப்படிப் போகிறது: "தசைகள் இழுக்கும்போது எலும்புகள் மூட்டை விட்டு விலகாமல் பிணைநார்கள் பிடித்துக்கொள்கின்றன. பேச்சு வழக்கில் இதை ஜவ்வு என்பார்கள்." பிறகு வரும் இடங்களில் பிணைநார் மட்டும். முழங்கால் சில்லுக்குக் கீழே இருப்பதைப் படத்தில் பெயரில்லாமல் விட்டுவிட்டேன். அம்புக்குறி மட்டும் இருக்கிறது.

வேர்ச்சொல் கிழார் எழுதியது:

அச்சேறியது அச்சேறியதுதான். ஆயினும் நார் என்பதற்கு என் மறுப்பு பதிவில் இருக்கட்டும். இரண்டாம் பதிப்பு வந்தால் என்பிணையை மறுபடி எடுங்கள். அம்மா, அதே கையேட்டில் முன்தசைக்கு எதிராக வேலை செய்யும் பின்தசைக்கு 'எதிரித் தசை' என்று போட்டிருப்பதாகப் பனைமடல் எழுதினார். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்கிறது என்று இதே இழையில் படித்தோமே. விட்டுக்கொடுப்பது எப்படி எதிரியாகும்? 'மறுதலைத் தசை' என்பது பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.