புதுப்பிப்பு: பப்மெட் தேடல் ஒரு வழியாகப் பிடிபட்டது

தூக்கமின்மைக்கும் மாரடைப்புக்கும் உள்ள தொடர்பைப் பற்றி, மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேட உதவும் இணையதளமான பப்மெட்டில் தேடினால் கட்டுரைகள் மலைபோல் குவிகின்றன, எப்படிக் குறைப்பது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது கைக்கு அடங்கும் பட்டியல் கிடைத்துவிட்டது. வழி சொன்னவர்களுக்கு நன்றி.

அதிகம் உதவியது ‘மெஷ்’ தான்; கட்டுரை எதைப் பற்றியது என்று காட்ட அதற்கு இடப்படும் பொருள் தலைப்புகளின் தொகுப்பு அது. கட்டுரையாளர் ‘ஹார்ட் அட்டாக்’ என்று எழுதியிருந்தாலும், மாரடைப்பு பற்றியது என்றால் அது ‘மயோகார்டியல் இன்ஃபார்க்ஷன்’ என்ற ஒரே தலைப்பின்கீழ் வந்துவிடும். ஆனால் அண்மையில் வந்த சில கட்டுரைகளுக்கு இன்னும் மெஷ் தலைப்பு இடப்பட்டிருக்காது. அதனால் மெஷ் தலைப்பையும், கட்டுரைச் சுருக்கத்தில் வரக்கூடிய சாதாரணச் சொற்களையும் ‘ஆர்’ (OR, ஏதாவது ஒன்று இருந்தால் போதும்) போட்டு ஓர் அடைப்புக்குறிக்குள் வைத்தேன். தூக்கமின்மைக்கும் அப்படியே ஓர் அடைப்புக்குறி. நடுவில் ‘ஆண்ட்’ (AND, இரண்டும் இருக்க வேண்டும்). அடைப்புக்குறி இல்லாவிட்டால் பப்மெட் இடமிருந்து வலமாகவே கணக்கிடும், விடை தாறுமாறாகிவிடும்.

‘நாட்’ (NOT, இது இருந்தால் வேண்டாம்) போடச் சொன்ன யோசனையை மட்டும் ஏற்கவில்லை. குழந்தைகளை விலக்கினால், குழந்தைகளையும் பெரியவர்களையும் சேர்த்து ஆராய்ந்த கட்டுரைகளும் போய்விடுகின்றன. ஒரு சொல்லின் வெவ்வேறு முடிவுகளையும் சேர்த்துத் தேட அதன் கடைசியில் நட்சத்திரக் குறி (*) இடுவதிலும் ஒரு சிக்கல்: இட்டால், அந்தச் சொல்லுக்கு ஈடான மெஷ் தலைப்பை பப்மெட் தானாகத் தேடித் தராது. யாரும் எச்சரிக்காத சங்கதி இது!

தேடலைக் கணக்கில் சேமித்துவிட்டேன். புதிய கட்டுரை வந்தால் மின்னஞ்சலில் தகவல் வரும்.