பழைய நிரல் முழுவதையும் ஒரே கமிட்டில் மறுவடிவமைக்கலாமா?

வைகைக்கரை எழுதியது:

ஒன்பது ஆண்டுகளாக வளர்ந்து வரும் எங்கள் பைத்தான் லைப்ரரி முழுவதன் மீதும், நிரலின் தோற்றத்தை ஒரே பாணிக்கு மாற்றும் பிளாக் (Black) கருவியை ஓட்டி, ஒரே கமிட்டில் (ஒன்றாகப் பதிவாகும் மாற்றத் தொகுப்பில்) மறுவடிவமைத்துவிடலாம் என்று முன்மொழிந்திருக்கிறேன். உடன் பராமரிப்பவர்களில் பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். சென்ற மாதம் புதிதாக வந்த ஒருவரின் பேட்சை (அவர் அனுப்பிய திருத்தத்தை) மூன்று முறை திருப்பி அனுப்பினோம். முதலில் மேற்கோள்குறி, அடுத்து வரி நீளம், பிறகு கடைசிக் காற்புள்ளி. அவர் கண்டுபிடித்துத் திருத்தியிருந்த பிழையைப் பற்றி எங்களில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. நான்காம் முறை அவர் வரவேயில்லை. பைத்தான் வலைக் கட்டமைப்பான ஜாங்கோ போன்ற பெரிய திட்டமே 2022 பிப்ரவரியில் இந்த வேலையை முடித்துவிட்டபோது நாங்கள் ஏன் தயங்க வேண்டும்?

பழைய டெர்மினல் எழுதியது:

குறைகளை ஒரே தடவையில் சொல்லாமல் தவணை முறையில் சொன்னதால்தான் அவர் போய்விட்டார். அதற்கு நிரலைத் தண்டிக்க வேண்டாம். புதிய வரிகளுக்குக் கருவியைக் கட்டாயமாக்குங்கள், நான் மறுக்கவில்லை. லினக்ஸ் கெர்னலில் 2020ஆம் ஆண்டு, பேட்ச்களின் நடையைச் சோதிக்கும் செக்பேட்ச் கருவி எச்சரிக்கும் வரி நீளத்தை 80 எழுத்திலிருந்து 100 ஆக உயர்த்தினார்கள். அதற்காகப் பழைய வரிகளை மொத்தமாக மாற்றி எழுதவில்லை. வெறுமனே அழகுபடுத்தும் பேட்ச்களை இன்னும் பக்குவப்படாத நிரல் இருக்கும் ஸ்டேஜிங் பகுதிக்கு வெளியே அங்கே வரவேற்பதும் இல்லை. நள்ளிரவில் ஒரு பிழையைத் துரத்திக்கொண்டு போகிறவருக்கு, ஒவ்வொரு வரியையும் கடைசியாக மாற்றியது எது என்று சொல்லும் கிட் பிளேம் காட்டும் கமிட்டில் அந்த வரி ஏன் அப்படி எழுதப்பட்டது என்ற விளக்கம் கிடைக்க வேண்டும். "பிளாக் ஓட்டப்பட்டது" என்ற குறிப்பை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

அரைப்புள்ளி எழுதியது:

அதற்கு 2019 ஆகஸ்டில் வந்த கிட் 2.23 பதிப்பிலேயே வழி இருக்கிறது. புறக்கணிக்க வேண்டிய கமிட்களின் ஹாஷை (அடையாளக் குறியீட்டை) ஒரு கோப்பில் எழுதி வைத்தால், பிளேம் அவற்றைத் தாண்டிப் போய் முந்தைய கமிட்டைக் காட்டும்.

பழைய டெர்மினல் எழுதியது:

கிட்ஹப் அந்தக் கோப்பைத் தானாகப் படித்துக்கொள்ளும். சொந்தக் கணினியிலோ ஒவ்வொருவரும் கிட்டின் கான்ஃபிக்கில் (அமைப்புகளில்) சேர்த்தாக வேண்டும். ஒரு வரி ஐந்தாக உடைந்த இடத்தில் பிளேம் ஊகித்துத்தான் பதில் சொல்கிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் பங்களிக்கும் திட்டத்தில் நிறமாற்ற மேட்ரிக்ஸ் ஒன்று, தசமப் புள்ளிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும்படி மூன்று வரிசைகளில் எழுதப்பட்டிருந்தது. ஒரு கழித்தல் குறி விட்டுப்போனாலும் கண் உடனே பிடித்துவிடும். பிளாக் ஓடிய பிறகு கூடுதல் இடைவெளிகள் எல்லாம் ஒன்றாகச் சுருங்கி, எண்கள் நெல்லிக்காய் மூட்டையை அவிழ்த்துவிட்டது போலக் கிடந்தன.

வைகைக்கரை எழுதியது:

மேட்ரிக்ஸ் விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. அத்தகைய இடங்களுக்கு மேலும் கீழும் கருவியை நிறுத்தி வைக்கும் குறிப்பை முன்கூட்டியே எழுதிவிடுவோம். ஆனால் புதிய வரிகளுக்கு மட்டும் என்ற ஏற்பாடு நடைமுறையில் நிற்பதில்லை. ஒருவர் இரண்டு வரிகளைத் திருத்திச் சேமித்ததும் அவருடைய எடிட்டர் கோப்பு முழுவதையும் மாற்றிவிடுகிறது. முந்நூறு வரி டிஃப்புக்குள் (மாற்றப் பட்டியலுக்குள்) அந்த இரண்டு வரிகளைத் தேட வேண்டியிருக்கிறது. ஒரே கமிட் என்றால், அதை வரி வரியாகப் படிக்க வேண்டிய தேவையே எழாது. முந்தைய கமிட்டை எடுத்து அதே பதிப்புக் கருவியை ஓட்டி, இரண்டும் ஒன்றுதானா என்று யாரும் சரிபார்க்கலாம். மாற்றத்துக்குப் பிறகும் நிரலின் பொருள் மாறவில்லை என்பதைத் நிரலின் இலக்கண அமைப்பைக் காட்டும் தொடரியல் மரத்தை ஒப்பிட்டுப் பிளாக்கே ஒருமுறை பார்த்துக்கொள்கிறது.

பழைய டெர்மினல் எழுதியது:

அப்படியானால், திறந்து கிடக்கும் புல் ரிக்வெஸ்ட்கள் (சேர்க்கக் காத்திருக்கும் மாற்றங்கள்) எத்தனை, அவை அத்தனையும் முட்டிக்கொள்ளும்போது சரிசெய்வது யார் பொறுப்பு?

வைகைக்கரை எழுதியது:

நாற்பத்தொன்று. பொறுப்பைப் பற்றி நாங்கள் இன்னும் பேசவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

அரைப்புள்ளி எழுதியது:

கையால் சரிசெய்ய வேண்டியதில்லை. மறுவடிவமைப்புக்குச் சற்று முந்தைய கமிட்டை முதலில் ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டின் கிளையிலும் மெர்ஜ் செய்யுங்கள் (இணையுங்கள்). கிளையின் மீது அதே பதிப்பு பிளாக்கை ஓட்டிக் கமிட் செய்யுங்கள். பிறகு மறுவடிவமைப்புக் கமிட்டை 'அவர்ஸ்' முறையில் மெர்ஜ் செய்தால் கிளையில் உள்ளதே நிற்கும். ஒரு கண்ணி இருக்கிறது. அந்தக் கமிட்டில் கருவியின் வேலையைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. பிளாக்கின் கான்ஃபிக் கோப்பையும் அதிலேயே சேர்த்துவிட்டால் 'அவர்ஸ்' மெர்ஜில் அது காணாமல் போய்விடும். ஆகவே கான்ஃபிக் முந்தைய கமிட்டில் போக வேண்டும். புறக்கணிப்புக் கோப்போ அடுத்த கமிட்டில்தான் வர முடியும், ஏனென்றால் ஹாஷ் அதற்குப் பிறகுதான் தெரியும். இடையில் யாராவது ஸ்குவாஷ் செய்துவிட்டால் (பல கமிட்களை ஒன்றாக்கிவிட்டால்) அந்த ஹாஷும் செல்லாது.

பழைய டெர்மினல் எழுதியது:

இந்த மூன்று படிகளை நாற்பத்தொரு கிளைகளிலும் பராமரிப்பவர்களே செய்து கொடுப்பதாக இருந்தால் நான் எதிர்த்து வாக்களிக்க மாட்டேன். பாதுகாப்புத் திருத்தங்களைச் செர்ரி பிக் செய்யும் (தனியாக எடுத்துச் சேர்க்கும்) பழைய வெளியீட்டுக் கிளையிலும் அதே நாளில் கருவியை ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் முதல் திருத்தத்திலேயே அங்கும் முட்டும். பிளாக்கின் பதிப்பையும் கான்ஃபிக்கில் எண்ணோடு கட்டிப்போடுங்கள், ஆண்டுக்கு ஒருமுறை அதன் பாணி மாறுகிறது.