புதுப்பிப்பு: அண்ணனின் வேலைநீக்கத்துக்கு லாயர் தேவைப்பட்டதா?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனை ஆலையில் அண்ணனை வேலைநீக்கம் செய்துவிட்டார்கள், லாயர் வைக்கணுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

"முதலில் தொழில்துறை உறவு இலாகாவுக்குப் போங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. 1967-ஆம் ஆண்டு தொழில்துறை உறவுச் சட்டம், 20-ஆவது பிரிவு. அதன்படி, நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் அந்த இலாகாவில் மனு கொடுத்தாக வேண்டும். நிர்வாகத்துக்கு அனுப்பிய முறையீட்டுக்குப் பதில் வரட்டும் என்று உட்கார்ந்திருந்தாலும் அந்தக் கணக்கு ஓடிக்கொண்டுதான் இருக்கும்.

எதிர்பாராதது: மனுவுக்குப் பிறகு இலாகா நடத்தும் சமரசப் பேச்சில் லாயருக்கு இடமே இல்லை, முதலாளி தரப்புக்கும்தான். தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் கூட வந்தார். சொல்லாமல் லீவு போட்டதாகக் குற்றச்சாட்டு. அண்ணி பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்த எம்.சி. (மருத்துவ விடுப்பு) சீட்டுகளை மேசையில் வைத்ததும் பேச்சு மாறியது. நஷ்டஈடு கிடைத்தது, வேலை திரும்பவில்லை.

சமரசம் ஆகாவிட்டால் வழக்கு தொழில் நீதிமன்றம் போகும். அங்கே லாயர் வைப்பது நல்லது. அதற்கு நீதிமன்றத் தலைவரின் அனுமதி வேண்டும்.